ஒண்டாச்சி: டச்சு எழுத்துக்குள் ஒளிந்திருக்கும் தமிழ்ப் பெயர்

ஒண்டாச்சி என்ற குடும்பப் பெயருக்கு ரோமன் லிபியில் எட்டு எழுத்துகள். நடுவில் இரட்டை ‘ஏ’, கடைசியில் ‘டி, ஜே, இ’. எழுதியதைப் பார்த்தால் ஆம்ஸ்டர்டாம் பக்கத்துப் பெயர் என்றே தோன்றும். ‘தி இங்கிலிஷ் பேஷண்ட்’ நாவலை எழுதிய மைக்கேல் ஒண்டாச்சியின் பெயரை டச்சுப் பெயர் என்று நினைத்துக்கொண்டு தமிழ் ஏடுகள் ‘ஒண்டாட்ஜே’, ‘ஒண்டாட்ஜி’ என்றெல்லாம் எழுதியிருக்கின்றன. ஆங்கிலத்தில் அந்தப் பெயரைச் சரியாகச் சொல்பவர்கள் ‘ஒண்டாச்சி’ என்கிறார்கள். அந்த ஒலிதான் பெயரின் அசல். தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் கொழும்புக்குக் கப்பலேறிய ஒரு தமிழ் வைத்தியரின் பெயர் அது. டச்சுக்காரர்கள் காதில் விழுந்ததைத் தங்கள் எழுத்துமுறையில் பதிந்தார்கள். எழுத்து அவர்களுடையது, ஒலி தமிழுடையது.

உலகில் இந்தப் பெயரோடு இருப்பவர்கள் எல்லோரும் அந்த ஒரே வைத்தியரின் வழியில் வந்தவர்களாகவே அறியப்படுகிறார்கள். பெயரின் அருமைக்கு முதல் காரணம் இதுதான். இலங்கையில் பெரேரா, சில்வா, பெர்னாண்டோ என்ற பெயர்களுக்கு இப்படி ஒரு மூதாதையைத் தேடிப் பிடிக்க முடியாது. போர்த்துகீசியர் காலத்தில் ஞானஸ்நானம் பெற்ற ஆயிரக்கணக்கானோர், சமயம் மாறிய கையோடு ஞானத்தந்தையின் பெயரையோ பாதிரியார் சூட்டிய பெயரையோ ஏற்றுக்கொண்டார்கள். ஒன்றுக்கொன்று உறவே இல்லாத குடும்பங்களுக்கு ஒரே பெயர் அமைந்தது அப்படித்தான். முத்துக்குளித்துறையின் பரதவரிடமும் இதே கதை: 1530களில் ஞானஸ்நானம் பெற்றவர்களின் வழியில் தூத்துக்குடியிலும் மணப்பாட்டிலும் இன்றும் பர்னாந்து, மச்சாடோ, மோத்தா, மிராண்டா என்ற பெயர்கள் புழங்குகின்றன. தஞ்சாவூர் வைத்தியர் விஷயத்தில் நடந்தது நேர் எதிர். கிறிஸ்தவராகி மைக்கேல் என்ற பெயர் முன்னால் வந்து சேர்ந்த பிறகும் சொந்தப் பெயர் பின்னால் நின்றுவிட்டது.

அவர் வந்த காலத்தை மனத்தில் வாங்கிக்கொண்டால் வந்த காரணமும் விளங்கும். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1656-இல் போர்த்துகீசியரிடமிருந்து கொழும்பைப் பிடித்தது. 1658-இல் யாழ்ப்பாணமும் அதே ஆண்டில் சோழமண்டலக் கரையில் நாகப்பட்டினமும் கைக்கு வந்தன. தஞ்சாவூரில் அப்போது விஜயராகவ நாயக்கரின் ஆட்சி. நாகையிலிருந்து கொழும்புக்குக் கம்பெனிக் கப்பல்கள் நெல்லும் துணியும் ஏற்றிப் போய்வந்துகொண்டிருந்தன. கொழும்பில் ஆளுநராக இருந்தவர் அட்ரியான் வான் டெர் மேய்டன். அவருடைய மனைவி நோயில் விழுந்தார், கம்பெனியின் வைத்தியர்களால் குணப்படுத்த முடியவில்லை, தஞ்சாவூரிலிருந்து பேர்பெற்ற வைத்தியர் ஒருவர் வரவழைக்கப்பட்டார், அந்த அம்மையார் பிழைத்தார் என்பது குடும்ப வரலாறு. அதில் சொல்லப்படும் ஆண்டு 1659. வைத்தியர் ஊர் திரும்பவில்லை. கொழும்பிலேயே தங்கி, மைக்கேல் யூரி ஒண்டாச்சி என்று பதிவேடுகளில் ஏறினார்.

மைக்கேல் ஒண்டாச்சி 1982-இல் வெளியிட்ட ‘ரன்னிங் இன் தி ஃபேமிலி’ என்ற குடும்ப நினைவு நூலில் இதே கதை சற்று வேறு மாதிரி வருகிறது. அதில் மூதாதை வந்த ஆண்டு 1600. பிழைத்தது ஆளுநரின் மகள். குணமாக்கியது ஏதோ ஒரு விசித்திர மூலிகை. பரிசாகக் கிடைத்தவை நிலமும் அயல்நாட்டு மனைவியும் டச்சு எழுத்தில் எழுதிய அவருடைய பெயரும். வீட்டில் பாட்டிமார் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதைக்கு உரிய எல்லா அடையாளமும் இதில் இருக்கிறது. ஆனால் 1600-இல் இலங்கையில் டச்சு ஆளுநர் யாரும் இல்லை. கம்பெனியே 1602-இல்தான் தோன்றியது. டச்சுத் தளபதி ஸ்பில்பெர்கன் கண்டி அரசனைச் சந்தித்ததும் அந்த ஆண்டில்தான். ஆளுநரின் வீட்டில் நோயாளி, தஞ்சாவூர் வைத்தியர், கொழும்பில் நிலையான குடியிருப்பு என்ற மூன்றும் ஒன்றுசேர 1656-க்குப் பிந்திய கொழும்புதான் பொருந்துகிறது. மகளா மனைவியா என்ற வேறுபாடு சிறிது. ஆண்டு சரியாக அமைந்தால்தான் பெயர் எப்படி எழுதப்பட்டது என்பது புரியும், ஏனென்றால் எழுதிய கை டச்சுக் கை.

டச்சு எழுத்துமுறையில் ‘ஆ’ என்ற நெடிலைக் காட்ட ‘ஏ’ எழுத்தை இரண்டு முறை எழுதுவார்கள். பெயரின் நடுவில் நிற்கும் இரட்டை எழுத்து தமிழ் நெடிலைத் துல்லியமாகப் பிடித்துவைக்கிறது. கடைசித் துண்டு இன்னும் சுவையானது. ஆசியாவில் சகர வல்லொலியை எழுத டச்சுக்காரர்கள் பயன்படுத்தியது ‘டி’யும் ‘ஜே’யும் சேர்ந்த கூட்டெழுத்து. ஜாவாவில் சிலாசாப், சியாஞ்சூர் முதலிய ஊர்ப் பெயர்கள் எல்லாம் இந்தக் கூட்டெழுத்தோடுதான் எழுதப்பட்டுவந்தன. 1972-இல் இந்தோனேசியா எழுத்துச் சீர்திருத்தம் செய்தபோது அது போய் ‘சி’ வந்தது. ஆகவே வைத்தியர் சொன்ன ‘ச்சி’யை எழுத்தர் வழக்கப்படி பதிந்தார், அவ்வளவுதான். தற்செயலாக, டச்சு மொழியில் ஒரு சொல்லின் பின்னால் வந்து ‘சின்ன’ என்ற பொருளைச் செல்லமாகத் தரும் விகுதிக்கும் அதே எழுத்துகள். வீட்டை ‘குட்டி வீடு’ என்றும் பெண்ணைச் ‘சின்னப்பெண்’ என்றும் ஆக்குவது போன்ற விகுதி அது. ஒரு டச்சுக்காரர் அந்தப் பெயரைப் படித்தால் தம் மொழிச் சொல் என்றே நம்பிவிடுவார். ஒரு தமிழ்ப் பெயர் முந்நூற்றைம்பது ஆண்டுகளாக டச்சுப் பெயராகக் கருதப்பட்டதற்கு இந்தத் தற்செயல் பெரிய காரணம்.

பெயர் எழுதப்பட்டது ஒன்று, அது நிலைத்தது இன்னொன்று. தமிழர் வழக்கில் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து மகனுக்கு இனிஷியல். அடுத்த தலைமுறையில் அந்த எழுத்தும் மாறிவிடும். இந்த வழக்கப்படி போயிருந்தால் வைத்தியரின் பெயர் மகனோடு முடிந்திருக்கும். காப்பாற்றியது பதிவேடு. டச்சு ஆட்சியில் இலங்கையின் கரையோரப் பகுதிகளில் ‘தோம்பு’ என்ற பேரேடு முறை தழைத்தது. காணிக்கு ஒரு தோம்பு, ஆளுக்கு ஒரு தோம்பு. பள்ளித் தோம்பில் ஞானஸ்நானம், திருமணம், குடும்பத்து ஆட்களின் விவரம் எல்லாம் பள்ளி ஆசிரியர் கையால் ஏறும். சொத்துரிமைக்கும் வாரிசுக்கும் தோம்பே சான்று. அதில் ஒருமுறை ஏறிய பெயரை மகன் மாற்றிக்கொள்வதில் நட்டமே தவிர லாபம் இல்லை. இனிஷியலாகக் கரைந்துபோயிருக்க வேண்டிய ஒரு மனிதரின் பெயர் இப்படித்தான் குடும்பத்தின் பெயராகக் கெட்டிப்பட்டது.

ஆனால் முதற்பெயர்களில் தமிழ் வழக்கம் விடவில்லை. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பதால்தான் தமிழில் ‘பெயரன்’, பேச்சில் பேரன். ஒண்டாச்சி வம்சத்தில் மைக்கேல், பிலிப், யூரியான், சைமன், மத்தேயு என்ற நாலைந்து பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. யூரி, யூரியான், யூர்கன் என்று பல உருவில் வருவது எல்லாமே ஜார்ஜ் என்ற பெயரின் டச்சு, ஜெர்மானிய வடிவங்கள். முதல் வைத்தியர் மைக்கேல் யூரி. 18ஆம் நூற்றாண்டில் ஒருவர் பீட்டர் பிலிப் யூரியான். 20ஆம் நூற்றாண்டில் பிறந்த நாவலாசிரியரின் முழுப்பெயர் பிலிப் மைக்கேல். அவருடைய அண்ணன் பிலிப் கிறிஸ்டோபர். பெயர்கள் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. அவற்றை அடுக்கிய முறையைத் தஞ்சாவூரில் யாரும் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

கொழும்பில் இந்தக் குடும்பம் யாரோடு கலந்தது என்பதைப் பார்க்காமல் பெயரின் வரலாறு நிறைவடையாது. கோட்டைக்கு வெளியே, கடலோரமாகச் செட்டியார் தெருவும் ஜிந்துப்பிட்டியும் கொட்டாஞ்சேனையும் ஒட்டிக்கிடக்கும் வட்டாரத்தில் கொழும்புச் செட்டிகள் எனப்படும் சமூகம் வாழ்ந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து வணிகத்துக்காக வந்து குடியேறிக் கிறிஸ்தவம் தழுவிய தமிழர்கள் அவர்கள். அவர்களுடைய குடும்பப் பெயர்கள் இன்றும் வேறெங்கும் காணக்கிடைக்காதவை: காசிச்செட்டி, கந்தப்பா, அசரப்பா, அழகக்கோன், முத்துக்கிருஷ்ணா, பிரிட்டோ பாபாபிள்ளை. தமிழ்ப் பெயர் முழுதாக நிற்கும். சில நேரம் போர்த்துகீசியப் பெயர் முன்னால் ஒட்டிக்கொள்ளும். ஒண்டாச்சி குடும்பம் இவர்களோடு கொண்டும் கொடுத்தும் வந்தது. 1834-இல் இலங்கைக் கெசட்டியரையும் 1859-இல் தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் தொகுத்த ‘தமிழ்ப் புளூட்டாக்’ நூலையும் ஆங்கிலத்தில் தந்த சைமன் காசிச்செட்டியும், 1879-இல் ‘யாழ்ப்பாண வைபவமாலை’யை ஆங்கிலப்படுத்திய கிறிஸ்டோபர் பிரிட்டோவும் இந்தச் சிறிய சமூகத்தில் தோன்றியவர்கள். தமிழ் இலக்கிய வரலாற்றில் இவர்களுக்கு உரிய இடம் இன்னும் முழுதாகக் கொடுக்கப்படவில்லை.

பெயரை முதலில் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய்ப் புகழ்பெறச் செய்தவர் பீட்டர் பிலிப் யூரியான் க்விண்ட் ஒண்டாச்சி. 1758-இல் கொழும்பில் பிறந்தார். தந்தை வில்லெம் யூரியான் சீர்திருத்தத் திருச்சபையின் போதகர். தாய் டச்சுக் குடும்பத்துப் பெண். அந்தக் குடும்பப் பெயர்தான் க்விண்ட். அதையும் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார் மகன். 15 வயதில் படிப்புக்காக நெதர்லாந்துக்குக் கப்பலேற்றப்பட்ட அந்தப் பையன், உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோதே நகரத்தின் அரசியலில் குதித்தார்.

1780களில் நெதர்லாந்தில் ‘தேசபக்தர்கள்’ என்ற இயக்கம் பரவியது. ஆரஞ்சு வம்சத்து இளவரசரும் ஒருசில பிரபுக் குடும்பங்களும் நகர சபைப் பதவிகளைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்வதை நிறுத்த வேண்டும், குடிமக்களே தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது கோரிக்கை. உத்ரெக்டின் குடிமக்கள் படையில் கேப்டனாக இருந்த ஒண்டாச்சி அந்த நகரில் இயக்கத்தின் முன்னணிக் குரல். ஆயுதமேந்திய பொதுமக்கள் சதுக்கத்தில் கூடி நிற்க, 1786 ஆகஸ்டில் புதிய நகர சபை பொதுமக்கள் முன்னிலையில் உறுதிமொழி ஏற்றது. பிரெஞ்சுப் புரட்சிக்கு மூன்று ஆண்டுகள் முந்திய நிகழ்ச்சி இது. கொழும்பில் பிறந்த, தஞ்சாவூர் வழிவந்த 28 வயது இளைஞர் ஐரோப்பிய ஜனநாயக வரலாற்றின் தொடக்கப் பக்கம் ஒன்றில் நிற்கிறார் என்பது தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இடம்பெற வேண்டிய செய்தி.

அந்த வெற்றி நீடிக்கவில்லை. 1787 செப்டம்பரில் பிரஷ்யப் படை நுழைந்து பழைய ஆட்சியை மீட்டது. ஒண்டாச்சி தப்பி ஓடி, நாடு கடந்து பிரான்ஸ் பக்கம் வாழ்ந்தார். 1795-இல் நெதர்லாந்தில் பத்தாவியக் குடியரசு அமைந்த பிறகு திரும்பிவந்து அரசுப் பொறுப்புகள் வகித்தார். கடைசிக் காலத்தில் ஜாவாவுக்குப் போய், நீதித்துறைப் பதவியில் இருந்தபோது 1818-இல் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், இறந்தார். அவருடைய வாழ்க்கையையும் காலத்தையும் பற்றி டேவிஸ் என்பவர் எழுதிய நூல் 1870-இல் உத்ரெக்டில் வெளியாயிற்று.

இலங்கையில் இருந்த கிளை பிரிட்டிஷ் காலத்துக்குள் சத்தமில்லாமல் நுழைந்தது. 1796-இல் கொழும்பு பிரிட்டிஷார் கைக்குப் போனதும் குடும்பத்தின் மதபோதகர் மரபு ஆங்கிலிக்கன் திருச்சபைக்கு மாறியது. ஜிந்துப்பிட்டியில் 1815-இல் தமிழ்ச் சபைக்காக எழுந்த புனித தோமா ஆலயம் அந்த மாற்றத்துக்குச் சாட்சி. மைக்கேல் ஒண்டாச்சி தம் நூலில் அந்த ஆலயத்துக்குள் போன ஒரு பிற்பகலை விவரிக்கிறார். தரைக் கல்லில் பெரிய எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது அவருடைய குடும்பப் பெயர். சுவரில் நட்டாலியா அசரப்பா என்ற பெண்ணின் நினைவுப் பலகை: பிலிப் யூர்கன் ஒண்டாச்சியின் மனைவி, 1797-இல் பிறந்து, 1812-இல் மணமாகி, 1822-இல் இறந்தவர். பதினைந்து வயதில் கல்யாணம், இருபத்தைந்தில் மரணம். பலகையில் அவர் பெயரோடு நிற்பது பிறந்த வீட்டுப் பெயரான அசரப்பா. ஒண்டாச்சி அதில் கணவரின் பெயராக மட்டும் வருகிறது. ஆலயத்தின் பழைய பதிவேடுகளை ஏடு ஏடாகப் புரட்டும்போது வெள்ளிப்பூச்சி அரித்த ஓட்டைகளுக்கு நடுவே மூதாதையர் பெயர்கள் தெரிகின்றன. சைமன் ஒண்டாச்சி இலங்கையின் கடைசித் தமிழ்க் காலனிப் போதகர் என்று மைக்கேல் தம் நூலில் குறிப்பிடுகிறார்.

வைத்தியம் மட்டும் குடும்பத்தை விட்டுப் போகவில்லை. 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் சார்லஸ் ஒண்டாச்சி மருத்துவராகவும் தாவரவியல் அறிஞராகவும் விளங்கினார். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பொறுப்பையும் வகித்தார். எருக்கு முதலிய செடிகளின் நச்சுத் தன்மை அவருடைய ஆய்வுப் பொருள். கிராமத்து மக்களின் கைக்கு எட்டும் 55 வகை நஞ்சுகளை அவர் அறிந்துவைத்திருந்தார் என்று குடும்ப நூல் சொல்கிறது. ஆளுநர் வீட்டு நோயாளியை மூலிகையால் எழுப்பியவரின் வழித்தோன்றலுக்குப் பச்சிலையின் மறுபக்கமும் தெரிந்திருந்தது. அவர் காலத்திய மத்தேயு பிலிப் யூர்கன் ஒண்டாச்சி, டச்சு ஆட்சியில் இலங்கையில் அச்சான நூல்களின் பட்டியலை 1865-இல் ராயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளை இதழில் வெளியிட்டார். தமிழ், சிங்கள அச்சு வரலாற்றை ஆராய்பவர்களுக்கு அந்தப் பட்டியல் இன்றும் உதவும்.

இந்தப் பெயர்க்காரர்கள் எந்த இனம் என்ற கேள்விக்கு ஒரே பதில் எழுதிவிட முடியாது. இலங்கை மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர் தனி வகை. 2001 முதல் செட்டிகளும் தனி வகை. 2012 கணக்கெடுப்பில் பறங்கியர் ஏறத்தாழ 38,000, செட்டிகள் ஏறத்தாழ 5,600. இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்களில் இரண்டும் சிறு புள்ளிகள். ஒண்டாச்சி குடும்பம் இரண்டு பட்டியலிலும் கால்வைத்து நிற்கிறது. பறங்கியராக எண்ணப்படத் தந்தைவழியில் ஐரோப்பியராக இருக்க வேண்டும் என்பது பழைய அளவுகோல். இவர்களுடைய தாய்வழிகளில் டச்சும் போர்த்துகீசியமும் சிங்களமும் கலந்திருக்கின்றன. தந்தைவழி மட்டும் நேராகத் தஞ்சாவூருக்குப் போகிறது. எனவே பறங்கியர் என்று ஊரார் அழைக்கும் குடும்பத்தின் பெயர் அந்த அளவுகோலின்படியே தமிழ்ப் பெயராகிவிடுகிறது. நாவலாசிரியரின் தந்தை மெர்வின் தம்மை எப்போதும் இலங்கைத் தமிழர் என்றே சொல்லிக்கொண்டார் என மகன் எழுதியிருக்கிறார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் அது இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும் என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

ஒரே வேரில் கிளைத்த பெயர்கள் ஏன் பெருகுவதில்லை என்பதற்குக் கணிதத்தில் ஒரு விடை உண்டு. 1873-இல் பிரான்சிஸ் கால்டன் ஒரு கேள்வி எழுப்பினார்: குடும்பப் பெயர் மகன் வழியாக மட்டுமே போகிறது, ஒருவருக்கு எத்தனை மகன்கள் என்பது தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது என்றால், அந்தப் பெயர் அற்றுப்போக எவ்வளவு வாய்ப்பு? பாதிரியாரும் கணித அறிஞருமான ஹென்றி வாட்சன் விடை காண முயன்றார். இருவர் பெயரிலும் 1874-இல் கட்டுரை வந்தது. கால்டன்–வாட்சன் முறை என்று இன்று அழைக்கப்படும் அந்தக் கணக்கின்படி, சராசரியாக ஓர் ஆணுக்கு ஒரு மகனுக்கு மேல் இல்லையென்றால் எந்தப் பெயரும் காலப்போக்கில் மறைந்தே தீரும். ஆயிரம் குடும்பங்களில் பரவிய பெரேரா தாக்குப்பிடிக்கும். ஒரு வீட்டில் தொடங்கிய பெயருக்கு ஒரே ஒரு தலைமுறையில் பெண்மக்கள் மட்டுமே பிறந்தால் போதும், கதை முடிந்துவிடும். வேறு வீடுகளுக்கு மருமகளாகப் போன ஒண்டாச்சிப் பெண்கள் எல்லோரும் பெயரைப் பிறந்த வீட்டு வாசலில் விட்டுத்தான் போனார்கள்.

இத்தோடு புலப்பெயர்வும் சேர்ந்தது. 1956-இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்ததையொட்டி, ஆங்கிலத்தில் வளர்ந்த பறங்கியர் குடும்பங்கள் திரளாக ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் போயின. கேகாலையில் ‘ராக் ஹில்’ என்ற வீட்டில் வழக்கறிஞராகச் செல்வாக்கோடு வாழ்ந்த பிலிப் ஒண்டாச்சியின் பேரர்கள் இருவரும் அதற்குச் சற்று முன்பே வெளியேறியிருந்தார்கள். 1933-இல் கண்டியில் பிறந்த கிறிஸ்டோபர் கனடாவில் நிதித்துறையிலும் பதிப்புத் தொழிலிலும் பெரும் பொருள் ஈட்டி, பின்பு இங்கிலாந்தில் வாழ்ந்து, எழுத்தாளராகவும் கொடையாளராகவும் பெயர்பெற்றார். லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் 2000-இல் திறந்த புதிய பகுதிக்கும், இடத்தின் உயிரை எழுத்தில் கொண்டுவரும் நூலுக்கு ராயல் சொசைட்டி ஆஃப் லிட்டரேச்சர் ஆண்டுதோறும் தரும் பரிசுக்கும் குடும்பப் பெயர்தான் பெயர். 1943-இல் கொழும்பில் பிறந்த மைக்கேல், 1954-இல் இங்கிலாந்துக்கும் 1962-இல் கனடாவுக்கும் போனார். ‘தி இங்கிலிஷ் பேஷண்ட்’ 1992-இல் புக்கர் பரிசைப் பேரி அன்ஸ்வர்த்தின் நாவலோடு பகிர்ந்துகொண்டது. 2018-இல், புக்கர் பரிசின் ஐம்பது ஆண்டு நிறைவில், வாசகர் வாக்கெடுப்பில் கோல்டன் புக்கரும் அதற்கே கிடைத்தது.

புக்கர் பணத்தைக் கொண்டு மைக்கேல் இலங்கையில் ஒரு பரிசை நிறுவினார். அதற்கு ஒண்டாச்சி என்று பெயர் வைக்கவில்லை. தாய் டோரிஸின் பிறந்த வீட்டுப் பெயர் கிரேஷியன். டச்சுப் பறங்கியரிடையே வழங்கிய, இதே போல் அருகிவிட்ட குடும்பப் பெயர். கல்யாணத்தோடு தாய் விட்டுவந்த அந்தப் பெயர், இலங்கையரின் ஆங்கிலப் படைப்புக்கு ஆண்டுதோறும் தரப்படும் கிரேஷியன் பரிசாக நிற்கிறது. 2003 முதல் அதே அறக்கட்டளை, சிங்களத்திலிருந்தும் தமிழிலிருந்தும் ஆங்கிலத்துக்குப் போகும் மொழிபெயர்ப்புகளுக்கும் தனிப் பரிசு வழங்கிவருகிறது.